டிஸ்னி ஹோட்டலில் ரூம் போடும் முன்

மே மாச லீவுக்கு அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குறிப்பு. ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டு ஹோட்டலில் தங்குவதாக இருந்தால், எப்போதோ போய்வந்த சித்தப்பா சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, சலுகைகள்தான் மாறிவிட்டன.

விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு இருந்த இலவச பஸ் 2022 தொடக்கத்தோடு நின்றுபோனது. ஆறு பேர், எட்டுப் பெட்டி, அதில் ஒன்று முழுக்க நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் என்று போய் இறங்குகிறவர்கள் வண்டிச் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள். ரூம் சாவியாகவும் பூங்கா டிக்கெட்டாகவும் பயன்படுகிற, கையில் கட்டும் மேஜிக்பேண்டும் 2021 முதல் இலவசமில்லை. அது இல்லாமலும் சமாளிக்கலாம், ரூம் கதவை போனிலேயே திறக்கலாம்.

போனது மட்டுமல்ல, திரும்பி வந்ததும் உண்டு. 2018இல் ஹோட்டலில் கார் நிறுத்தக் கட்டணம் வைத்தார்கள். 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். மகன் காரிலேயே போனால் லாபம்.

இப்போதைக்குப் பெரிய சலுகை, தினமும் பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்னாலேயே உள்ளே விடுவதுதான். குமரியில் சூரியோதயம் பார்க்க விடியுமுன் எழும்புகிற நமக்கு இதெல்லாம் ஒரு பாடா? ஆனால் அந்த அரை மணி தொடங்கும் முன்பே வாசலில் நிற்க வேண்டும், தாமதமாகப் போனால் பயனில்லை. ராத்திரி பூங்காவில் கூடுதல் நேரம் இருப்பது விலை கூடிய ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும், அதுவும் சில நாட்களில்தான்.

பணம் கட்டும் முன் அவர்களுடைய இணையதளத்தில் உங்கள் தேதிக்கு என்ன சலுகை என்று பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.