நிலக்கரி வாயுவாக்கத்தில் ஆய்வுத் தலைப்பு பிடிப்பது எப்படி?

நிலக்கரியை முழுதாக எரிக்காமல், குறைந்த ஆக்சிஜனில் சூடாக்கி எரிவாயுவாக மாற்றுவதுதான் வாயுவாக்கம். இதில் தலைப்பு கேட்டு வரும் மாணவர்களிடம் முதலில் நிலக்கரியின் சாம்பல் அறிக்கையைத்தான் கேட்பேன். நம் நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் 35 முதல் 45 சதவீதம். அது லேசில் உருகவும் செய்யாது. சாம்பலை உருக்கி வடிக்கும் வெளிநாட்டு வாயுவாக்கக் கலன்கள் இதற்கு ஒத்துவருவது கஷ்டம். திருச்சி பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) தன் 6.2 மெகாவாட் சோதனை நிலையத்தில் பாய்மப் படுகை முறையை, அதாவது நிலக்கரித் துகள்களைக் கீழிருந்து வீசும் வாயுவில் மிதக்கவிடும் முறையை, முயன்று பார்த்தது. அதில் சாம்பலோடு எரியாத கரியும் வெளியே போய்விடும். அதைக் குறைக்கும் வழியே நல்ல தலைப்பு.

சாம்பல் உருகுநிலையை ஆக்சிஜன் குறைந்த சூழலில் அளக்கச் சொல்லுங்கள். கலனுக்குள் இருப்பது அந்தச் சூழல்தான். காற்றில் அளந்தால், இரும்பு அதிகமுள்ள சாம்பலுக்கு எண் கூடுதலாக வந்து ஏமாற்றும்.

அப்புறம், வாயுவில் கலந்து வரும் கந்தகத்தை நீக்குவது. வாயுவைக் குளிர்வித்துக் கழுவினால் வெப்பம் வீணாகிறது. சூட்டிலேயே சுத்தம் செய்யலாம்தான். ஆனால் தூசியைப் பிடிக்கும் பீங்கான் வடிகட்டி விரிசல் விடும், கந்தகத்தை உறிஞ்சும் துகள்களும் பலமுறை பயன்படுத்தியதும் பொடியாகும். துகளின் ஆயுளைச் சின்ன ஆய்வகத்திலேயே சோதிக்கலாம்.

கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தபின் மிஞ்சும் ஹைட்ரஜனை டர்பைனில் எரிப்பதும் பெரிய சிக்கல்தான். எரிப்புச் சோதனை மேடை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.