ஃபெர்ட்டோராகோஷ் எல்லைக் கிராமத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஐரோப்பா செல்லும் நம்மவர்கள், வியன்னாவில் இறங்கி ரயிலில் சோப்ரோன் நகரை அடைந்து, அங்கிருந்து பேருந்தில் ஆஸ்திரியாவை ஒட்டிய ஹங்கேரியின் எல்லைக் கிராமமான ஃபெர்ட்டோராகோஷுக்குச் செல்லலாம்.

முதலில் பழைய கல்லுடைப்புச் சுரங்கத்தைப் பாருங்கள். ஈப்போவின் குகைக் கோயில்களைக் கண்டு வளர்ந்த நமக்கு, ரோமானியர் காலந்தொட்டு மனிதர்கள் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்ததால் உருவான இவ்வுயர்ந்த மண்டபங்கள் பெரும் வியப்பூட்டும். சுவரருகே நின்று உளித் தடங்களையும் பண்டைய கடலின் சிப்பித் துணுக்குகளையும் நிதானமாகத் தேடுங்கள். உள்ளே குளிரும், மேலாடை அவசியம்.

ரோமானியர் வழிபட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தின் பழங்கோயிலையும் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியேயுள்ள எல்லைப் பூங்காவுக்குச் செல்லுங்கள். 1989 ஆகஸ்ட் 19 அன்று எல்லைக்கதவு திறந்தபோது, அப்போதைய கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த 600க்கும் மேற்பட்டோர் ஆஸ்திரியாவுக்குள் தப்பி நுழைந்த இடம் அதுவே. இன்று அங்கே நடந்தே எல்லை கடக்கலாம். ஆயினும் கடப்பிதழைக் கையோடு வைத்திருங்கள்.