பழைய காரைப் புதுப்பிக்கக் கொடுத்த பட்டறையோடு பில்லில் தகராறு வந்தால்

என் தகப்பனார் ஓட்டிய 1965-ஆம் ஆண்டு மோரிஸ் மைனரை நான்கு மாதத்தில் புதுப்பித்துத் தருவதாகவும் அதற்கு 18,000 ரிங்கிட் ஆகும் என்றும் எழுதிக் கொடுத்த பினாங்குப் பட்டறை ஒன்று, பதினோராவது மாதத்தில் என்னிடம் 31,500 ரிங்கிட் பில்லை நீட்டியது. அதற்குள் மூன்று தவணைகளாக 14,000 ரிங்கிட் கட்டியிருந்தேன். பில்லைப் பார்த்த அன்று நான் செய்த முதல் தவறு, மொத்தத் தொகையைக் காட்டிப் பட்டறைக்காரரோடு சண்டை போட்டதுதான். மொத்தத் தொகையை வைத்து வாதாடும்போது அவர் ‘செய்த வேலைக்குக் காசு’ என்பார், நாம் ‘சொன்ன விலைக்கு வேலை’ என்போம், இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால் பேச்சு நகராது. இத்தகைய தகராறைத் தீர்க்க வேண்டுமானால் பில்லை வரி வரியாகப் பிரித்து, எந்த வேலைக்கு யார், எப்போது, எப்படிச் சம்மதம் கொடுத்தார் என்று பார்ப்பதுதான் வழி என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது.

பட்டறைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. மோரிஸ் மைனர் போன்ற கார்களில் தனியாக ஒரு சட்டகம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பெட்டி போன்ற பகுதியும், பின்சக்கர வில்களைத் தாங்கும் இடங்களும் துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே போனதுபோல் ஆகிவிடும். கடற்காற்றும் ஈரமும் நிறைந்த பினாங்கில் அறுபது ஆண்டுகள் ஓடிய காரில், வெளியே சாயம் பளபளத்தாலும் உள்ளே தகரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது பழைய சாயத்தையும், பள்ளங்களை நிரப்பப் பூசும் ‘புட்டி’ என்ற பசையையும் சுரண்டி எடுத்த பிறகே தெரியும். ஆகவே கூடுதல் வேலை வந்ததே மோசடி என்று நினைக்க வேண்டியதில்லை. கூடுதல் துரு கண்ணில் பட்ட நாளில் பட்டறை வேலையை நிறுத்திப் படமெடுத்து உங்களிடம் கேட்டதா, அல்லது தானாகவே செய்துவிட்டுக் கடைசியில் பில்லில் சேர்த்ததா என்பதுதான் கேள்வி.

பில்லைப் பிரிக்கும் முறை

ஒரு தாளை எடுத்து, பில்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதற்கு நீங்கள் சம்மதம் கொடுத்த நாளையும் அந்தச் சம்மதம் எதில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். எழுத்து மூல மதிப்பீடு, வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, தொலைபேசியில் சொன்ன ‘சரி’ எல்லாமே இதில் அடங்கும். நமக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பின்னால் அதை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டினால், உண்மையான மற்றக் குறைகளும் நம்பத்தகாதவையாகிவிடும்.

என் விஷயத்தில் மதிப்பீட்டைத் தாண்டிய 13,500 ரிங்கிட் நான்கு வரிகளாகப் பிரிந்தது. கூடுதல் தகர வேலைக்கு 6,200 போட்டிருந்தார்கள். அதற்குப் படம் அனுப்பி, நானும் ‘செய்யுங்கள் அண்ணே’ என்று பதில் போட்டிருந்தேன். பம்பருக்கும் கைப்பிடிகளுக்கும் குரோம் பூச 2,100; அது நானே கேட்டது. புதிய வயரிங் தொகுதிக்கு 2,800; அதைப் பற்றி ஒரு வார்த்தையும் யாரும் பேசவில்லை. மீதி 2,400 ‘இடவாடகை’ என்று எழுதப்பட்டிருந்தது. வேலையை ஏழு மாதம் இழுத்தடித்தவர்களே அந்த ஏழு மாதத்துக்கு இடவாடகை கேட்டதைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் இப்படிப் பிரித்த பின், நான் கொடுக்க வேண்டிய மொத்தம் 31,500-உம் அல்ல, 18,000-உம் அல்ல, 26,300 ரிங்கிட் என்பது எனக்கே தெளிவாயிற்று. கட்டியது போக 12,300 பாக்கி. அந்தப் பாக்கியிலிருந்து சரியாகச் செய்யப்படாத வேலைக்கு எவ்வளவு கழிக்கலாம் என்பது அடுத்த கேள்வி.

வேலையின் தரத்தை எப்படி நிறுவுவது

‘சாயம் சரியில்லை’ என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. பட்டறை வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றிருந்த என் காரின் இடப்பக்கச் சில்லில் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்த இடத்தில் வைத்தால் அது ஒட்டாமல் நழுவி விழுந்தது. அங்கே தகரம் இருக்க வேண்டிய இடத்தில் தடிமனான புட்டி இருக்கிறது என்பதற்கு அதைவிட எளிய அறிகுறி கிடையாது. சாயத்தின் தடிமனை அளக்கும் சிறு கருவி வைத்திருக்கும் பட்டறைகளும் உண்டு. ஆனால் காந்தமும் கருவியும் சந்தேகத்தைத்தான் எழுப்பும். தகராறு பயனீட்டாளர் நடுவர் மன்றம்வரை போனால் அங்கே நிற்பது வேறொரு பட்டறைக்காரர் எழுதித் தரும் அறிக்கை. இந்தத் தகராறில் தொடர்பில்லாத, பழைய கார்களில் அனுபவமுள்ள ஒருவரைக் காரைப் பார்க்க அழைத்து, எந்த இடத்தில் என்ன குறை, அதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்று தேதியிட்டு எழுதி வாங்குங்கள். என் காரைப் பார்த்தவர் இரண்டு பக்கச் சில்களையும் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் பற்றவைத்துச் சாயம் பூச 3,800 ரிங்கிட் ஆகும் என்று எழுதினார்.

அதே நாளில் பாகங்களையும் சரிபாருங்கள். என் தகப்பனாரின் காரில் இருந்த, எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் எஸ்.யு. கார்புரேட்டர் காணாமல் போய் வேறொன்று மாட்டப்பட்டிருந்ததை, காரைக் கொடுத்த அன்று எடுத்த படம் இல்லாவிட்டால் நான் நிரூபித்திருக்க முடியாது. எஞ்சின் எண்ணையும், காரின் உடலில் பதித்திருக்கும் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணையும், நாம் ‘கெரான்’ என்று சொல்லும் பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிடுவது இன்னும் முக்கியம். எஞ்சினை மாற்றிவிட்டு ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் மாற்றாமல் விட்டால், அந்தத் தலைவலி பட்டறையை விட்டுக் கார் உரிமையாளரான உங்கள் தலையில் வந்து விழும்.

சட்டம் எந்த இடத்தில் உதவுகிறது

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். சேவை தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்று அதன் 53-ஆவது பிரிவும், முடிக்கும் காலம் பேசப்படாதபோது நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 55-ஆவது பிரிவும், விலை பேசப்படாதபோது நியாயமான விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்று 56-ஆவது பிரிவும் கூறுகின்றன. குறையைச் சரிசெய்யக் கூடியதாக இருந்தால், அதை நியாயமான காலத்துக்குள் சரிசெய்யுமாறு முதலில் அந்தப் பட்டறையையே கேட்க வேண்டும். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கோரலாம். ஆத்திரத்தில் முதலில் வேறு பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய்ச் சில்லை வெட்டிவிட்டால், சாட்சியமும் போய்விடும், கேட்கும் உரிமையும் பலவீனமாகிவிடும். சொந்த உபயோகத்துக்காகக் காரைக் கொடுத்தவருக்கே இந்தச் சட்டம். பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்து விற்பதைத் தொழிலாகச் செய்பவர் இதன் பாதுகாப்பைக் கோர முடியாது.

எனவே அடுத்த வேலை கடிதம். வரி வரியாகப் பிரித்த கணக்கு, அறிக்கையின் நகல், எவ்வளவு கொடுக்கத் தயார், எதைச் சரிசெய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதை மலாயிலோ ஆங்கிலத்திலோ இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பதினான்கு நாள் அவகாசம் போதும். ‘ஏமாற்றுக்காரர்’ என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வேண்டாம். முகநூலில் படம் போட்டுத் திட்டுவதும் வேண்டாம், அவதூறு வழக்கு என்ற புதுத் தகராறு அதிலிருந்துதான் பிறக்கும். எழுதத் தயங்குபவர்களுக்குப் பினாங்கில் ஒரு வசதி உண்டு: 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் அலுவலகம் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் இருக்கிறது, தமிழிலேயே பேசி ஆலோசனை பெறலாம்.

‘காசு கட்டினால்தான் கார்’ என்றால்

பலரும் தடுமாறுவது இங்கேதான். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, தம் கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை வேலை முடிந்தபின் கூலி கிடைக்கும்வரை நகைத்தொழிலாளி வைத்துக்கொள்வதையும், தைத்து முடித்த உடனே கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துக் காசு வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்ட தையற்காரருக்கு அந்த உரிமை இல்லை என்பதையும் சட்டமே உதாரணமாகத் தருகிறது. ஆக, கூலியில் பாக்கி இருக்கும்போது பட்டறை காரைப் பிடித்துவைப்பது தானாகவே திருட்டு ஆகாது. வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு இரவில் போய்க் காரை ஓட்டிவரலாம் என்று தம்பி ஒருவன் எனக்கு யோசனை சொன்னான். அந்த யோசனைக்குக் காது கொடுக்காதீர்கள். அதேசமயம் இடவாடகையும் கேட்காத வேலைக்கான விலையும் ‘கூலி’ ஆகிவிடுமா என்பது தர்க்கத்துக்குரியது. அந்த இரண்டும்தான் பாக்கி என்ற நிலைக்குக் கணக்கைக் கொண்டுவந்துவிட்டால், காரைப் பிடித்துவைப்பதற்கான பட்டறையின் காரணம் மெலிந்துபோகும்.

காரை உடனே எடுத்தே தீர வேண்டிய நிலை என்றால், சர்ச்சைக்குரிய தொகையையும் கட்டி, ரசீதிலேயே ‘மறுப்புத் தெரிவித்துச் செலுத்தப்பட்டது’ என்ற பொருள்பட எழுதிக் கையொப்பமிட்டு, அந்தத் தொகையைப் பின்னர் நடுவர் மன்றத்தில் திரும்பக் கேட்கலாம். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுக் கட்டுவது, பில்லை முழுதாக ஏற்றுக்கொண்டதாகவே பொருள்படும் அபாயம் உண்டு.

நடுவர் மன்றம்

திரிபுனால் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். ‘போராங் 1’ என்ற முதலாம் படிவத்தை நிரப்பித் தர வேண்டும்; அது கிடைத்த 14 நாளுக்குள் எதிர்த்தரப்பு இரண்டாம் படிவத்தில் பதில் தர வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் ஆஜராக முடியாது. இது சாமானியருக்குச் சாதகம். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். 50,000-க்கு மேல் இழப்பு இருந்தால், மிகுதியை விட்டுக்கொடுத்து இங்கே வரலாம், அல்லது முழுத் தொகைக்கும் நீதிமன்றம் போகலாம். ஒரே கோரிக்கையை இரண்டாகப் பிரித்து இரண்டு வழக்காகப் போட முடியாது. மன்றத்தின் தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணைக்குச் சமம், அதை நிறைவேற்றாமல் விடுவது குற்றமும் ஆகும்.

படிவத்தில் பலர் சறுக்கும் இடம் எதிர்த்தரப்பின் பெயர். பெயர்ப்பலகையில் இருப்பது ஒன்றாகவும், எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிந்த பெயர் வேறொன்றாகவும் இருக்கும். ரசீதின் அடியில் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு எஸ்எஸ்எம்மில் தேடி, அது தனியாள் தொழிலா, செண்டிரியான் பெர்ஹாட் எனப்படும் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமா என்று உறுதிசெய்த பிறகே பெயரை நிரப்புங்கள். பெயர் தவறினால் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு யாரிடம் போவது?

என் கணக்கு மன்றம்வரை போகவில்லை. படிவத்தை நிரப்பி, அதன் நகலைக் கடிதத்தோடு மறுபடி அனுப்பிய மூன்றாம் நாள் பட்டறைக்காரர் பேசக் கூப்பிட்டார். 12,300-இல் சில்லுக்கான 3,800-ஐக் கழித்தால் 8,500 வரும். மாட்டியாகிவிட்ட வயரிங்கைக் கழற்றச் சொல்வது அர்த்தமற்றது என்பதால் அதற்கு 500 சேர்த்து 9,000 என்று முடித்தோம். இடவாடகை போயிற்று. கார்புரேட்டர் அவருடைய அலமாரியிலேயே, பழைய பெட்டியில், இருந்தது.

சமாதானம் ஆகும் நாளில் அவசரப்படாதீர்கள். கொடுக்கும் தொகை, திரும்பக் கிடைத்த பாகங்களின் பட்டியல், பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்ட பிறகு, காரைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, அங்கிருந்தபடியே எஞ்சினைக் கிளப்பிச் சூடேறும்வரை விட்டு, விளக்குகளையும் பிரேக்கையும் சோதித்து, அதற்குப் பிறகு பணத்தை வங்கி மூலம் மாற்றுங்கள். மாதக்கணக்காகச் சாலை வரியும் காப்புறுதியும் இல்லாமல் நின்ற காரை அங்கிருந்து ஓட்டிவர முடியாது என்பதால், இழுவை லாரிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்; எனக்கு அது கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது.