மர ரேக்கில் பூல் பந்துகளை இறுக்கமாக அடுக்குவது எப்படி?

பூல் ஆடத் தொடங்குகிறவர்கள் கியூ (ஆடும் கோல்) பிடிப்பது பற்றிக் கேட்பார்கள், பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிப்பது பற்றிக் கேட்பார்கள். பந்து அடுக்குவது பற்றி யாரும் கேட்பதில்லை. முக்கோணத்துக்குள் பதினைந்து பந்தையும் கொட்டி, முன்னால் ஒரு தள்ளு, மேலே ஒரு தூக்கு, அவ்வளவுதான். அப்புறம் பிரேக் அடித்தால் நாலு பந்து சோம்பலாக நகரும், மீதி கும்பலாகவே உட்கார்ந்திருக்கும். கையில் பலம் போதவில்லை என்று நினைத்து அடுத்த தடவை இன்னும் ஓங்கி அடிப்பார்கள். குற்றம் பெரும்பாலும் அடுக்கில்தான் இருக்கும்.

இந்தப் பதிவில் பழைய பாணி மர முக்கோணத்தை, அதாவது மர ரேக்கை, வைத்து அடுக்கும் முறையைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் ரேக் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

மரம் எதற்கு?

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இறுக்கம் மட்டுமே குறி என்றால் மரம் தேவையில்லை. பந்து உட்காரும் இடங்களில் துளை வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிடைக்கிறது. அதை விரித்து மேலே பந்துகளை வைத்தால் ஒவ்வொன்றும் தானாக இறங்கி ஒட்டிக்கொள்ளும். போட்டிகளில் இப்போது அதைத்தான் அதிகம் பார்க்கிறோம். நேற்று ஆட வந்தவர்கூட அதில் குறையில்லாமல் அடுக்கிவிடலாம்.

அப்படியிருந்தும் வீட்டில் டேபிள் வைத்திருப்பவர்கள் ஓக், மேப்பிள், வால்நட் ரேக்குகளைத் தேடி வாங்குகிறார்கள். முதல் காரணம் கனம். மர ரேக் வைத்த இடத்தில் நிற்கும். பிளாஸ்டிக் ரேக்கில் பின்னாலிருந்து பந்துகளை நெருக்கினால் பக்கச் சுவர்கள் லேசாகப் பிதுங்கும். கையை எடுத்ததும் சுவர் பழைய நிலைக்குத் திரும்பும், கூடவே பந்துகளும் ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். நல்ல மரச்சட்டம் அப்படி வளைந்து கொடுக்காது. அப்புறம் அந்தச் சத்தம். பந்துகளை உள்ளே உருட்டிவிடும்போது பிளாஸ்டிக் சளசளக்கும், மரத்தில் அடங்கிய ‘டொக் டொக்’ மட்டும்தான். சரி, இதில் பாதி மனசு சம்பந்தப்பட்ட விஷயம். மறுக்கவில்லை.

பழைய அமெரிக்க பூல் கூடங்களில் ஆட்டம் முடிந்ததும் ‘ரேக்!’ என்று குரல் கொடுப்பார்கள். கூடத்து ஆள் வந்து அடுக்கிக் கொடுத்துவிட்டு ஆட்டத்துக்கான காசை வாங்கிப்போவார். அங்கே அப்போது பெரிய ஆட்டம் ஸ்ட்ரெய்ட் பூல். அதில் 14 பந்து விழுந்ததும் கடைசிப் பந்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மற்ற 14-ஐயும் முனைப் பந்து இல்லாமல் மறுபடி அடுக்க வேண்டும். வெளியே நிற்கும் பந்து அடுக்கும் இடத்துக்குள் வருகிறதா இல்லையா என்று தகராறு வராமலிருக்க, ரேக்கின் வெளி ஓரத்தை ஒட்டி டேபிள் துணியிலேயே பென்சிலால் முக்கோணம் வரைந்து வைத்திருப்பார்கள். 1954-ல் ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மோஸ்கோனி இந்த ஆட்டத்தில் ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 526 பந்துகளைக் குழியில் போட்டார். 526-ஐ 14-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரே ஓட்டத்துக்குள் ரேக் சுமார் 37 தடவை டேபிளுக்கு வந்து போயிருக்கிறது! ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் கையால் பந்துகளை நெருக்கி, அசங்காமல் சட்டத்தைத் தூக்கியிருக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

முதலில் அளவு. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. நம் பக்கத்துப் பார்லர்களில் இரண்டு முக்கோணங்களும் ஒரே மூலையில் கிடக்கும் (ஸ்னூக்கருக்கு விதி எழுதி மாட்டிய இடமே ஊட்டி கிளப்தான், அதனால் அதைக் குறை சொல்ல முடியாது). ஆசாரி ஒருவரிடம் தேக்கில் ரேக் செய்யச் சொன்னபோது, பார்லரில் கையில் கிடைத்த முக்கோணத்தை அளந்து அந்த அளவைக் கொடுத்துவிட்டேன். அது ஸ்னூக்கர் முக்கோணம். அழகான வேலைப்பாடு, மூட்டு தெரியாத மூலைகள், ஆனால் பதினைந்து பந்து உள்ளே போகவில்லை. பத்துப் பந்தோடு நின்றுவிட்டது. அந்த ரேக்கில் இப்போது வீட்டில் பூந்தொட்டி இருக்கிறது.

நீங்களும் செய்யச் சொல்வதாக இருந்தால் கணக்கு இதுதான். மூலைகள் கூராக இருக்கும் முக்கோணத்தில் பதினைந்து பந்தும் நெருக்கமாக அடங்க உள்பக்க நீளம் 32.8 செ.மீ. வேண்டும். கடைசி வரிசைக்குப் பின்னால் விரல் நுழைய இடம் விட்டு 34 செ.மீ. அளவில் சொல்லுங்கள். மூன்று மூலையும் 60 டிகிரிக்குப் பிசகக் கூடாது. சுவரின் உயரம் முக்கியம். பந்தின் இடுப்பு, அதாவது சுவரைத் தொடும் அகன்ற பகுதி, துணியிலிருந்து சுமார் 28 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. சுவர் அதற்கு மேலே வர வேண்டும். 5 செ.மீ. தாராளம்.

கடையில் வாங்கினால் ரேக்கைக் கண்ணாடி மேல் வைத்து ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பாருங்கள். ஆடினால் வேண்டாம், மரம் முறுக்கியிருக்கிறது. அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிலாம்பு தட்டினால் அது துணியையும் இழுக்கும்.

படி 1: துணியைச் சுத்தம் செய்யுங்கள்

ஃபுட் ஸ்பாட்டைச் சுற்றி பிரஷ்ஷால் ஒரே திசையில் தடவுங்கள். கியூ முனையில் தேய்க்கும் சாக்கின் தூள் ஒரு பொட்டு இருந்தாலும் பந்து அதன்மேல் ஏறி விலகும். ஃபுட் ஸ்பாட் என்பது அடுக்கும் பக்கத்து டேபிள் சுவரிலிருந்து (குஷன்) டேபிள் நீளத்தில் கால்வாசி தூரத்தில், நடுவில் இருக்கும் புள்ளி. 9 அடி டேபிளில் ஆடுதளம் 100 அங்குலம், எனவே சுவரிலிருந்து 25 அங்குலம். பந்துகளையும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

படி 2: பந்துகளை உள்ளே வையுங்கள்

ரேக்கின் கூர்முனை பிரேக் அடிக்கிறவரைப் பார்த்து இருக்கட்டும். எய்ட் பால் ஆட்டத்தில் இரண்டே கட்டாயம். எட்டாம் நம்பர் பந்து மூன்றாவது வரிசையின் நடுவில் வர வேண்டும். பின்வரிசையின் இரண்டு மூலைகளில் ஒன்றில் சாலிட் (முழு நிறப் பந்து), மற்றதில் ஸ்ட்ரைப் (பட்டை போட்ட பந்து). மற்றதெல்லாம் எப்படி வந்தாலும் சரி. சாலிட், ஸ்ட்ரைப் என்று மாற்றி மாற்றிக் கோலம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், எதிராளி கொட்டாவி விடுவார்.

படி 3: இடத்துக்குக் கொண்டுவாருங்கள்

ரேக்கை ஒரு சாண் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, முனைப் பந்து ஸ்பாட்டுக்கு நேரே வரும்போது சட்டென்று நிறுத்துங்கள். ரேக் நின்றுவிடும், பந்துகள் வந்த வேகத்தில் முன்னால் போய் முனையில் நெருங்கும். மர ரேக்கின் கனம் உதவுவது இங்கேதான். நிறுத்தினால் குதிக்காமல் நிற்கும். இரண்டு தடவை செய்தால் போதும், பத்துத் தடவை தேய்த்தால் துணிதான் வீண்.

படி 4: நெருக்குங்கள்

எல்லோரும் தவறவிடும் இடம் இது. இரண்டு கையின் விரல்களையும் கடைசி வரிசைக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே இறக்குங்கள். விரலின் நகப்பக்கம் மரத்தில் படட்டும், சதைப்பக்கம் பந்தில் படட்டும். கட்டைவிரல்கள் சட்டத்தின் மேல் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், சட்டம் எழும்பாமல் பார்த்துக்கொள்ளும். இப்போது விரல்களை ஆப்பு மாதிரி விரியுங்கள். சட்டம் பின்னால் போகப் பார்க்கும், பந்துகள் முன்னால் போகப் பார்க்கும். முன்னே இரண்டு சுவரும் சேரும் மூலை பந்துகளை ஒன்றோடொன்று அணைத்துவிடும்.

ஐந்து பந்துக்கும் ஒரே அளவு அழுத்தம் போக வேண்டும். நடுப் பந்தை மட்டும் தள்ளினால் ஓரங்கள் வெளியே நழுவும். முரட்டுப் பலம் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பாட்டில் மூடியைத் திருகும் அளவு போதும். இரண்டு மூச்சு நேரம் அப்படியே பிடித்திருங்கள்.

படி 5: தூக்குங்கள்

விரல்களைத் திடீரென்று பிடுங்காமல் மெதுவாகத் தளர்த்தி எடுங்கள். பிறகு ரேக்கை முன்னோக்கி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நகர்த்துங்கள். முன்மூலை பந்துகளை விட்டு விலகும், பக்கச் சுவர்களும் கூடவே விடுபடும். இனி நேராக மேலே. ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தூக்கினால் மறுபக்கச் சட்டம் பந்தில் இடிக்கும். முதல் வாரம் பத்தில் ஆறு தடவை இடிக்கும், பரவாயில்லை.

படி 6: வெளிச்சம் வைத்துப் பாருங்கள்

குனிந்து, பந்துகளின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், எதிர்ப்பக்கத்தில் செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். தொட வேண்டிய இரண்டு பந்துகளுக்கு நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே இடைவெளி. முதலில் பார்க்க வேண்டியது முனைப் பந்து, அதன் பின்னாலுள்ள இரண்டையும் தொடுகிறதா என்று. அங்கே இடைவெளி இருந்தால் பிரேக்கின் வேகம் முதல் மோதலிலேயே தாறுமாறாகச் சிதறும். மறுபடி அடுக்குங்கள். கடைசி வரிசை மூலையில் நூலிழை தெரிந்தால் நட்பு ஆட்டத்தில் விட்டுவிடலாம்.

ஒரே பந்து மட்டும் திரும்பத் திரும்ப விலகிப்போனால் துணியில் பள்ளம் இருக்கும். பலர் வெள்ளைப் பந்தை எடுத்து அந்தப் பந்தின் தலையில் தட்டி உட்கார வைப்பார்கள். உலக பூல் சங்கத்தின் விதிகளே தேவைக்கு மேல் தட்ட வேண்டாம், பிரஷ் போட்டுத் துணியைச் சமன்படுத்துவதே மேல் என்கின்றன. தட்டத் தட்டப் பள்ளம் ஆழமாகும், அவ்வளவுதான் பலன். அந்தப் பந்தைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பந்தோடு இடம் மாற்றுங்கள். பழைய செட்டில் பந்துகள் ஒரே அளவில் தேய்ந்திருக்காது, இடம் மாற்றினாலே பாதி சரியாகிவிடும்.

நைன் பால் ஆடும்போது

ஒன்பது பந்து, வைர வடிவம். ஒன்றாம் பந்து முனையில், ஒன்பதாம் பந்து நடுவில். இதற்கென்று வைர வடிவ மர ரேக் தனியாக உண்டு. முக்கோணத்திலும் அடுக்கலாம், ஆனால் முதல் மூன்று வரிசைக்குத்தான் சுவரின் துணை கிடைக்கும். பின்னாலுள்ள மூன்று பந்துக்கு உங்கள் விரல்தான் சுவர். நடுவிரல்கள் இரண்டும் கடைசிப் பந்தில், மற்ற விரல்கள் அதற்கு முந்தைய இரண்டின் தோளில். எய்ட் பால் கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

பராமரிப்பு

ரேக்கை ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் ஜன்னல் வெயிலிலும் வைக்க வேண்டாம், மரம் முறுக்கும். அடிப்பக்கம் சொரசொரப்பானால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஒரு துளி தேன்மெழுகு பூசி நன்றாகத் துடைத்துவிடுங்கள். உள்சுவருக்கு மெழுகு வேண்டவே வேண்டாம். அது பந்தில் ஏறி, பந்திலிருந்து துணிக்குப் போகும். காய்ந்த துணியால் சாக் தூளைத் துடைத்தால் போதும்.

சரியான அளவில் இரண்டாவதாகச் செய்த ரேக், டேபிளுக்கு அடியில் ஒரு கொக்கியில் தொங்குகிறது. பந்துகள் உரசி உரசி உள்சுவர் மூன்றிலும் பளபளப்பான ஒரு பட்டை விழுந்திருக்கிறது. அன்றைக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், அடியிலிருந்து 28 மி.மீ.