அரண்மனை வாசலிலிருந்து கீழக்கரைக்கு: சைக்கிளில் ஒரு நாள்

ராமநாதபுரம் அரண்மனையில் கிளம்பி திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை போய்த் திரும்ப 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஏற்றமே கிடையாது, காற்றுதான் இங்கே மேடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது தள்ளிவிடும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று தலைகீழ்: சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிட்டு, களைத்த காலோடு எதிர்காற்றில் மிதிக்கணும். அந்த மாதங்களில் திரும்பி வர ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு அடுத்த எதிரி சீமைக்கருவேல முள். சைக்கிளை ஓரமாகப் புதருக்குப் பக்கத்தில் நிறுத்தினாலே ஏறிவிடும். மாற்று டியூப் ஒன்று, டயர் கழற்றும் லிவர் இரண்டு, கைப்பம்ப், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு இவை பையில் இருக்கட்டும். ஒட்டியபிறகும் காற்று இறங்கினால் காரணம் பெரும்பாலும் மூன்றுதான். முள்ளின் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நின்றிருக்கும்: உள்பக்கம் பழந்துணியால் துடையுங்கள், நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும். இரண்டாவது, நீள முள் டியூபின் மறுபக்கத்தையும் துளைத்திருக்கும். மூன்றாவது அவசரம்: சொல்யூஷன் ஈரம் போய்ப் பிசுபிசுப்பாகும்வரை, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துத்தான் ஒட்டு போடணும்.

காலை 6 மணிக்குக் கிளம்புங்கள், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரோடு. வழியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. கோடையில் பதநீர் கிடைத்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் புளிக்கும். திருப்புல்லாணியில் ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில், தர்ப்பைப் புல்லில் சயனித்த ராமர் சந்நிதி. உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் போகும்போதே பார்த்துவிடுங்கள். சேதுக்கரை அங்கிருந்து 4 கிலோமீட்டர். ஆடி, தை அமாவாசையில் தர்ப்பணக் கூட்டம் தாங்காது. மணலில் ஓட்டாதீர்கள், செயினுக்குள் போய்விடும்.

கீழக்கரைத் தெருக்கள் ஒடுக்கம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்கள் கோயில் மண்டபத் தூண்களுக்கு உறவு என்பது பார்த்த உடனே தெரியும். உள்ளே போவதற்கு அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மா நேரத்தில் கடைகளும் சாத்தியிருக்கும். வாங்கவேண்டியது தொதல்: தேங்காய்ப்பால் எண்ணெய் கக்கும்வரை கிண்டிய கறுப்பு இனிப்பு. பொட்டலத்தில் கட்டினால் பை முழுக்க எண்ணெய், எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள், உள்ளே சீனிபோல மினுமினுத்தால் விட்டுவிடுங்கள். பனையோலைக் கொட்டான் எடை இல்லை, ஹேண்டிலில் தொங்கவிடலாம். பவளத்துண்டை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

திரும்பிவந்து சாப்பிட்டுவிட்டு, பிற்பகலை அரண்மனைக்குள் இருக்கும் தர்பார் மண்டபமான ராமலிங்க விலாசத்துக்கு வையுங்கள். வெயிலிலிருந்து நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது, கண் பழக 5 நிமிடம் விடுங்கள். 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சுவரோவியங்கள்: ராமாயணக் காட்சிகள், தஞ்சை மராட்டியரோடு ராமநாதபுரம் மன்னர் சேதுபதி பொருத போர், ஐரோப்பியரைச் சந்திக்கும் சேதுபதி. போர்ச் சுவருக்குத்தான் நேரம் அதிகம் கொடுக்கணும். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது, நிறம் கெடும்.

அன்றிரவே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றுக்கு இரண்டு நாள் விட்டால் துரு பிடித்துவிடும்.