உயிலில் ‘விடுதலை’ என்று இருந்தால் போதுமா? அமெரிக்க அடிமை வழக்குகளை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பழைய குடும்ப வரலாறுகளை ஆராய்வோர், ஓர் உயிலில் ‘விடுதலை’ என்ற சொல்லைக் கண்டதும் அதில் குறிப்பிடப்பட்ட அடிமைகள் அன்றே விடுதலை பெற்றதாகக் கருதிவிடுகிறார்கள். மிகப் பெரிய தவறு இதுதான். 1771-இல் இறந்த வர்ஜீனியாவின் ஜான் பிளெசன்ட்ஸ், சட்டம் அனுமதிக்கும் காலம் வந்ததும் தம் அடிமைகள் 30 வயதில் விடுதலை பெற வேண்டும் என்று எழுதிவைத்தார். 1782-இல் சட்டம் இடம் கொடுத்தது. வாரிசுகள் பலர் இடம் கொடுக்கவில்லை. அவருடைய மகன் ராபர்ட் தம் உறவினர்கள்மீதே வழக்குத் தொடுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1799-இல் வந்தபோது, விடுதலைக்கு உரியவர்கள் பலர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அடிமைகளாகவே கழித்திருந்தனர். எனவே உயிலோடு நிற்காமல், நீதிமன்றத்தின் இறுதி ஆணைவரை தேடிச் செல்ல வேண்டும்.

பண்ணையில் இருந்த அனைவரும் அதன் உரிமையாளருக்கே சொந்தம் என்று எண்ணுவதும் தவறு. ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னனில் 1799-இல் இருந்த 317 அடிமைகளில் 123 பேர் மட்டுமே அவருடைய உடைமையாக இருந்தனர். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் இறந்ததால், அவருடைய அடிமைகளில் மூன்றில் ஒரு பங்கு மார்த்தாவுக்கு ஆயுட்கால அனுபவ உரிமையாக மட்டுமே கிடைத்தது. அப்பங்கின் வழிவந்த 153 பேரை விடுவிக்கும் அதிகாரம் வாஷிங்டனுக்கும் இல்லை, மார்த்தாவுக்கும் இல்லை. வாஷிங்டனுக்குச் சொந்தமான கணவன் விடுதலை பெற, கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்த மனைவியும் பிள்ளைகளும் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்ட கொடுமையை இந்தக் கணக்கு தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது.

பிற்காலச் சட்டத்தை முற்கால வழக்கின்மீது ஏற்றிப் பார்ப்பது இன்னொரு பிழை. ஆங்கிலேயத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்த எலிசபெத் கீ, தம் எஜமானர் 1655-இல் இறந்தபின் அவரது சொத்துக்குப் பொறுப்பேற்றோரை எதிர்த்து வழக்காடி, 1656-இல் விடுதலை பெற்றார். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்ற வர்ஜீனியாச் சட்டம் 1662-இல்தான் வந்தது.

பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் அப்படியே நம்பக்கூடாது. டிரெட் ஸ்காட் என்ற அடிமை தம் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கில் பிரதிவாதியான சான்ஃபோர்டின் பெயரே உச்ச நீதிமன்ற அறிக்கையில் பிழையாக ‘சாண்ட்ஃபோர்ட்’ என்று பதிவாகியுள்ளது. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்புகளில், மிகச் சிலரைத் தவிர, பெயர்களே கிடையாது. ஆகவே மனிதருக்கு விலை குறித்திருக்கும் சொத்துப் பட்டியல்களைப் படிக்க மனம் கூசினாலும் கடந்துபோய்விடாதீர்கள்: ஒரு தாயின் பெயரும் அவள் பிள்ளைகளின் பெயர்களும் சேர்ந்து எஞ்சியிருப்பது பல குடும்பங்களுக்கு அந்த ஒரு தாளில் மட்டும்தான்.