1-க்குள் மங்கலாக ஒரு 8: செவன் செக்மென்ட் மல்டிபிளெக்சிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாம்பலத்தில் ஒரு மெஸ்ஸுக்கு நாலு இலக்க டோக்கன் டிஸ்ப்ளே செய்து மாட்டினேன். ஒவ்வோர் இலக்கமும் ஏழு எல்இடி கோடுகள், அவைதான் செக்மென்ட்கள். அவற்றின் ஒயர்கள் நாலு இலக்கத்துக்கும் பொது. ஒரு நேரத்தில் ஓர் இலக்கம்தான் எரியும், வேகமாக மாறுவதால் நாலும் சேர்ந்து எரிவதுபோல் தெரியும். இதுதான் மல்டிபிளெக்சிங். பகலில் குறையே இல்லை. ராத்திரி விளக்கைக் குறைத்ததும் 0018-இல் இருந்த 1-க்குள் 8-இன் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. கல்லாவில் இருந்தவர், "அது 11-ஆ 18-ஆ 88-ஆ சார்?" என்றார்.

தப்பு என் புரோகிராமில்தான். 1 இருக்கும் இலக்கத்தை அணைக்கும் முன்பே அடுத்த 8-க்கான செக்மென்ட்களை மைக்ரோகன்ட்ரோலரின் போர்ட்டில் (வெளியீட்டுப் பின்களில்) எழுதிவிட்டேன். முதலில் இலக்கத்தை அணைக்க வேண்டும், பிறகு செக்மென்ட்டை மாற்ற வேண்டும், அப்புறம்தான் அடுத்த இலக்கம். வரிசையைச் சரிசெய்தும் லேசாக நிழல் மிச்சம் இருந்தது. இலக்கத்தை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர் முழுக்க ஆன் ஆகியிருந்தால் அணைய சில மைக்ரோ செகண்ட் எடுக்கும். அணைத்ததும் அந்த இடைவெளியைக் கொடுத்தேன், நிழல் போய்விட்டது.

ரெசிஸ்டரை மிச்சம் பிடிக்கிறேன் என்று காமன் பின்னில் (ஓர் இலக்கத்தின் எல்லாக் கோடுகளும் சேரும் கால்) ஒன்றே ஒன்று போடாதீர்கள். 1-க்கு இரண்டு கோடு, 8-க்கு ஏழு. ஒரே கரண்ட்டை அவை பங்கு போட்டுக்கொள்வதால் 1 பளிச்சென்றும் 8 சோகையாகவும் எரியும். செக்மென்ட்டுக்கு ஒன்று வீதம், புள்ளியோடு சேர்த்து எட்டு போதும். நாலு இலக்கத்துக்கும் அதே எட்டுதான். ரிச்சி தெருவில் அதற்கு ஆகும் செலவு ஒரு டீக்குக்கூட வராது.

காமன் பின்னை நேராக மைக்ரோகன்ட்ரோலரில் செருகுவதும் வேண்டாம். ஏடிமெகா328 மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு பின்னுக்கு உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்கு 220 ஓம் போட்டால் செக்மென்ட்டுக்குச் சுமார் 13 மில்லி ஆம்பியர், எட்டும் எரிந்தால் 100-ஐத் தொடும். அதனால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். பிசி547 டிரான்சிஸ்டரின் வரம்பும் அதே 100தான். நான் பிசி337 போடுவேன்.

மெயின் லூப்பில் டிலே வைத்து இலக்கம் மாற்றினால், சென்சார் படிப்பது போன்ற வேறு வேலை நடக்கும் நேரத்தில் டிஸ்ப்ளே கண் சிமிட்டும். டைமர் இன்டரப்டில் (மெயின் லூப் என்ன செய்துகொண்டிருந்தாலும் குறித்த நேரத்தில் குறுக்கிட்டு ஓடும் பகுதி) 2 மில்லி செகண்டுக்கு ஓர் இலக்கம் மாற்றுங்கள். நொடிக்கு 125 சுற்று வரும். செல்போன் கேமராவில் அப்போதும் ஆடலாம், அதை விடுங்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று ரெசிஸ்டரை ரொம்பக் குறைத்திருந்தால் இன்னொரு ஆபத்து. புரோகிராம் நடுவில் நின்றால் ஒரே இலக்கம் முழு கரண்ட்டில் எரிந்துகொண்டே இருக்கும். டீபக் செய்து (புரோகிராமின் பிழைகளைத் தேடித் திருத்தி) முடிக்கும் வரை 330 ஓமே இருக்கட்டும்.